ஐம்பதிலும் வளையும்: பெரியவர்கள் கற்பதும் கற்பிப்பதும்

(குரோம்பேட்டையில் சுற்றுவட்டாரக் கிராமத் தம்பதியர் கூட்டத்தில் நலக் கல்வியாளர் ஆற்றிய உரை)



கல்யாணமாகி, குழந்தை குட்டி பெற்ற பிறகு ஒருவர் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது எப்படி? கற்றதை வீட்டிலே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி? இதுவே இன்றைய பேச்சு. “இது வாத்தியாருங்களுக்குச் சொல்ல வேண்டிய விஷயமாச்சே, எங்களுக்கு எதுக்கு?” என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

நடு இரவில் கைக்குழந்தைக்குப் பேதி கண்டால் பக்கத்தில் டாக்டர் இல்லை, நர்ஸம்மாவும் இல்லை. புருஷன், பெண்டாட்டி, மாமியார் என்று மூன்று பேர்தான் இருப்பார்கள். அந்த மூவருக்கும் என்ன தெரியுமோ, அதுதான் விடியும்வரை அந்தக் குழந்தைக்குக் கிடைக்கும் வைத்தியம். பேதி பழைய காலத்து வியாதி என்று எண்ண வேண்டாம். 2024 டிசம்பர் மாதத்தில் பக்கத்துப் பல்லாவரம் பகுதியில் பலருக்கு வாந்தியும் பேதியும் கண்டு, இந்தக் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே, வீட்டுப் பெரியவர்கள் கற்பது குழந்தையின் உயிரோடு சம்பந்தப்பட்ட காரியம்.

ஐம்பதில் வளையாதா?

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்று ஒரு பழமொழி சொல்லுவோம். எந்தக் கூட்டத்திற்குப் போனாலும் பின்வரிசையில் ஒரு பெரியவர், “எனக்கு இனிமே என்னங்க மண்டையில ஏறப்போகுது?” என்பார். அவரே போன வருஷம் பேரனிடம் கேட்டுக் கேட்டுக் கைப்பேசியில் பேசக் கற்றிருப்பார். புது ரக நெல்லுக்கு எப்போது மேலுரம் போடுவது என்று கற்றிருப்பார். தேவை என்று பட்டதை அவர் கற்றுக்கொண்டார். வயது குறுக்கே நிற்கவில்லை.

நாம் கூடியிருக்கும் இந்த ஊரையே பாருங்கள். 1912-ஆம் ஆண்டு இங்கே குரோம் தோல் தொழிற்சாலை ஏற்பட்டது. அதனால்தான் இந்த இடத்துக்குக் குரோம்பேட்டை என்று பெயர் வந்தது. குரோம் உப்பைக் கொண்டு தோல் பதனிடுவது அந்தக் காலத்தில் நமக்குப் புதிய தொழில். அப்படிப்பட்ட தொழிலைப் பெரும்பாலும் யாரும் பள்ளிக்கூடத்துப் பெஞ்சியில் உட்கார்ந்து கற்பதில்லை. கூட நிற்பவர் செய்வதைப் பார்த்து, கையால் செய்து, தவறினால் திருத்திக்கொண்டு கற்பார்கள்.

இன்னொரு உதாரணம் புதுக்கோட்டை. 1991-ஆம் ஆண்டு அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் திருமதி ஷீலா ராணி சுங்கத். பகலெல்லாம் வயலிலும் கல் குவாரியிலும் பாடுபட்ட பெண்கள் வேலை முடிந்து வந்து, தொண்டர்களிடம் எழுத்துக் கற்றார்கள். பள்ளி வாசலையே மிதிக்காதவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே எழுதினார்கள்.

அதே இயக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் விடவும் கற்றார்கள். ஊரில் கேலி பேசியவர்கள் உண்டு. ஆனாலும் அவர்கள் விடவில்லை. ஏன்? சைக்கிள் தெரிந்தால் தண்ணீர்க் குடத்தை வைத்துக் கொண்டுவரலாம்; பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டாம்; வேலைக்கும் சந்தைக்கும் நேரத்தோடு போய்த் திரும்பலாம். பெண்கள் சைக்கிள் போதாதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்று சிலர் அதையே விரும்பினார்கள்.

கற்பது தன் அன்றாடப் பாட்டைக் குறைக்கும் என்று தெரிந்தால், பெரியவர்கள் கேலியையும் களைப்பையும் தாண்டிக் கற்பார்கள்.

குழந்தை கற்பதும் பெரியவர் கற்பதும்

குழந்தைக்கு டீச்சர் சொன்னால் அது சரி. “ஏன் டீச்சர்?” என்று அது அதிகம் கேட்பதில்லை. என்றைக்கோ உதவும் என்று சொல்லி இன்றைக்கு வாய்ப்பாடு படிக்கவைக்கலாம். பெரியவர் அப்படி அல்லர். அவரிடம் நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. பெரியவர் காலிப் பாத்திரம் அல்லர். அவருக்கென்று அனுபவம் உண்டு. அதில் சரியும் இருக்கும், தவறும் இருக்கும்.

2. அவருக்கு இன்றைய தேவை முக்கியம். “இதனால் எனக்கு என்ன ஆகும்?” என்ற கேள்வி அவர் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்.

3. அவருக்கு மானம் பெரிது. நாலு பேர் முன்னால் “உங்களுக்கு ஒண்ணும் தெரியல” என்று சொன்னால் அன்றோடு அவர் காதை மூடிக்கொள்வார்.

4. அவருக்கு நேரம் குறைவு, களைப்பு அதிகம். ஒரே மூச்சில் பத்துச் செய்தி சொன்னால் ஒன்றும் நிற்காது.

ஓட்டைப் பானை

மேலே சொன்னதை ஒரு வீட்டில் வைத்துப் பார்ப்போம். குழந்தைக்கு நாலு முறை தண்ணீராகப் போய்விட்டது. மருமகள் தண்ணீர் கொடுக்கப் போகிறாள். மாமியார் தடுக்கிறார்: “கொடுக்காதேடி! கொடுக்கக் கொடுக்க இன்னும் போகும். எங்க காலத்துல பேதின்னா பச்சைத் தண்ணி காட்ட மாட்டோம்.”

அந்த அம்மாள் குழந்தையின் மேல் அக்கறையோடுதான் சொல்கிறார். கண்ணால் கண்டதை வைத்துத்தான் சொல்கிறார். குடித்தால் மறுபடி போகிறது, அது உண்மைதான். அங்கே போய் “நீங்க சொல்றது மூடநம்பிக்கை” என்றால் வீட்டில் சண்டை வரும். குழந்தைக்குத் தண்ணீர் வராது.

இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்.

“அத்தை, பானையில ஓட்டை விழுந்து தண்ணி ஒழுகுதுன்னு வைங்க. உடனே அடைக்க முடியல. மேலே ஊத்தாம விட்டா என்ன ஆகும்?”

“வத்திப் போகும்.”

“குழந்தைக்கு ரெண்டு நாள் போச்சுன்னா?”

அந்த அம்மாள் கொஞ்சம் யோசிப்பார். “கண்ணு குழி விழுந்துபோகும்… நாக்கு வறண்டுபோகும்” என்று அவரே சொல்வார். அவர் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவர். அந்த அடையாளங்கள் நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். உடம்பில் நீர் வற்றிப்போவதுதான் பேதியில் குழந்தையைக் கொல்கிறது என்ற பாடத்தை அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். பிறர் சொன்ன பதிலை மறந்துவிடுவோம். நாமே கண்டுபிடித்த பதில் மனத்தில் நிற்கும்.

அகதி முகாமில் நடந்தது

1971-ஆம் ஆண்டு பங்களாதேஷ் விடுதலைப் போர் நடந்தபோது இலட்சக்கணக்கான மக்கள் மேற்கு வங்காளத்திற்கு அகதிகளாக வந்தார்கள். பன்காவ் என்ற எல்லை ஊர் முகாமில் காலரா பரவியது. இரத்தக் குழாயில் ஏற்றும் சலைன் போதவில்லை. ஏற்றுவதற்கு ஆளும் போதவில்லை. அங்கே இருந்த டாக்டர் திலீப் மகலனாபிஸ் ஒரு முடிவு செய்தார். உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு இவற்றை அளவாகத் தண்ணீரில் கரைத்து டிரம்களில் வைத்தார். நோயாளியின் பக்கத்தில் இருந்த தாய், தகப்பன், உறவினர்கள் அதைப் பிடித்துக் குவளை குவளையாகக் குடிக்கக் கொடுத்தார்கள்.

அதற்கு முன்பு அந்த முகாமில் 100 நோயாளிகளில் 30 பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள். கரைசல் கொடுத்த பிறகு இறந்தவர்கள் 100-க்கு 4 பேருக்கும் குறைவு. 1978-இல் லான்செட் என்ற மருத்துவ இதழ், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று எழுதியது. அந்த டாக்டர் 2022-இல் காலமானார். 2023-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

அந்த உறவினர்கள் நர்சிங் படித்தவர்கள் அல்லர். எல்லாவற்றையும் இழந்து வந்த கிராமத்து மக்கள். தேவை கண்ணெதிரே இருந்தது. செய்ய வேண்டியதைக் கையாலேயே செய்தார்கள். வாடிக் கிடந்தவர் எழுந்து உட்காருவதையும் பார்த்தார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு ஒரு பிரசங்கம் தேவைப்படவில்லை.

சொன்னால் போதுமா?

போர் முடிந்து சில ஆண்டுகள் சென்றபின் பங்களாதேஷில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் இதை வீடு வீடாகக் கொண்டுபோனது. 1980 முதல் 1990 வரை பத்து ஆண்டுகளில் 1 கோடியே 20 இலட்சம் வீடுகளுக்கு மேல் போனார்கள். மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்பது அவர்கள் கற்றுக்கொடுத்த முறை. (இது அந்த நாட்டு அளவு. நமக்குப் பொட்டலம் கிடைக்கிறது, பொட்டலத்தையே பயன்படுத்துங்கள்.)

அவர்கள் கற்றுக்கொடுத்த விதத்தில் நமக்குப் பாடம் இருக்கிறது. பணிப்பெண் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, நினைவில் வைக்க வேண்டிய பத்தே செய்திகளைச் சொல்லுவார். பிறகு அந்த வீட்டுத் தாயே கரைத்துக் காட்ட வேண்டும். சில வாரம் கழித்து வேறொருவர் வந்து, சில தாய்மார்களிடம் “சொல்லுங்கள், கரைத்துக் காட்டுங்கள்” என்பார். கரைத்ததில் உப்பு சரியா என்று சோதனையும் செய்தார்கள். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதைப் பொறுத்தே பணிப்பெண்ணுக்குக் கூலி. எத்தனை மணி நேரம் பேசினார் என்பதற்குக் கூலி கிடையாது!

அப்படியும் ஒரு சிக்கல் வந்தது. தாய்மார்கள் சரியாகக் கரைத்துக் காட்டினார்கள். ஆனால் குழந்தைக்குப் பேதி வந்தபோது பலர் கொடுக்கவில்லை. என்னவென்று விசாரித்தார்கள். கற்றுக்கொடுத்த பணிப்பெண்களில் பலருக்கே அதில் நம்பிக்கை இல்லை. தங்களுக்குப் பேதி வந்தால் வேறு மருந்து தேடினார்கள். இன்னொன்று, வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவே இல்லை. அந்த ஆண்கள், “உப்பும் வெல்லமும் மருந்தா?” என்று ஒதுக்கினார்கள்.

பிறகு பணிப்பெண்களுக்கு முதலில் விளக்கி, அவர்களுக்குப் பேதி வந்தாலும் கரைசலையே குடிக்கச் சொன்னார்கள். ஆண்களைக் கடைத்தெருவிலும் மசூதியிலும் சந்தித்துப் பேசினார்கள். அதன் பிறகே கரைசலைக் கொடுக்கும் பழக்கம் கூடியது.

தம்பிமார்களே, இந்த இடத்தை நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நம் ஊரில் நர்ஸம்மா வரும்போது நீங்கள் வயலில் இருக்கிறீர்கள், கம்பெனியில் இருக்கிறீர்கள், இல்லாவிட்டால் “பொம்பளைங்க விஷயம்” என்று திண்ணைக்கு எழுந்து போய்விடுகிறீர்கள். பாடம் மனைவிக்கு மட்டும் போகிறது. ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதா, விடியட்டும் என்று பார்ப்பதா என்று முடிவு செய்கிறவர் யார்? மனைவி கற்றும் கணவன் கற்காத வீட்டில் பாடம் பாதியிலே நிற்கிறது.

வீட்டில் கற்பிக்க ஐந்து படிகள்

ஒன்று: முதலில் கேளுங்கள். “உங்க காலத்துல என்ன செய்வீங்க அத்தை?” என்று தொடங்குங்கள். அவர் சொல்வதில் நல்லது இருந்தால் மனமாரப் பாராட்டுங்கள். கஞ்சித் தண்ணீர், நீர்மோர், இளநீர் கொடுப்பது நல்ல பழக்கமே. தாய்ப்பாலை நிறுத்துவது தவறு. நல்லதைப் பாராட்டிவிட்டுத் தவறைச் சொன்னால் காதில் ஏறும்.

இரண்டு: ஒரு நேரத்தில் ஒரு செய்தி. இன்றைக்குக் கரைசல் கலக்குவது. நாளைக்கு ஆபத்தான அடையாளங்கள்.

மூன்று: கையில் கொடுங்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பொட்டலத்தைக் கணவர் பிரிக்கட்டும், தண்ணீரை மாமியார் அளக்கட்டும்.

நான்கு: திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் “புரிஞ்சுது” என்றுதான் தலையாட்டுவோம். “நான் ஊருக்குப் போயிட்டா நீங்க எப்படிக் கொடுப்பீங்க, சொல்லுங்க?” என்று கேளுங்கள். விட்டுப்போனது அப்போது தெரியும். அதற்குக் கோபிக்க வேண்டாம். மறுபடி ஒருமுறை காட்டினால் போதும். ஆஸ்பத்திரியிலும் இதைச் செய்யலாம். “நர்ஸம்மா, நான் புரிஞ்சுக்கிட்டத சொல்றேன், சரியான்னு பாருங்க” என்று நீங்களே சொல்லுங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

ஐந்து: புதியதைப் பழைய பழக்கத்தோடு முடிந்து வையுங்கள். தினம் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிற சகோதரிக்கு அது மறந்துபோவது சகஜம். விளக்கு வைத்த கையோடு, அல்லது ராத்திரிச் சாப்பாடு முடிந்த கையோடு என்று ஒன்றை நிச்சயம் செய்துகொண்டால் மறக்காது. கணவரும் “போட்டாச்சா?” என்று கேட்கலாம். மறந்துவிட்டால் நினைவு வந்தவுடன் போட்டுக்கொண்டு, மேற்கொண்டு என்ன செய்வது என்று செவிலியரைக் கேளுங்கள்.

இன்றே இருவரும் செய்து பார்க்க வேண்டிய பாடம்

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் கணவன் மனைவி இருவரும் இதைச் செய்து பாருங்கள்.

• கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்தால் தவறாது.

• ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் அதில் கொட்டிக் கலக்குங்கள். பாதிப் பொட்டலம், பாதித் தண்ணீர் என்று கணக்குப் போட வேண்டாம். பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். கடையில் வாங்கினால் உலக சுகாதார நிறுவன அளவுப்படி தயாரித்தது என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இனிப்பு பானங்கள் இதற்கு ஈடாகாது.

• பொட்டலம் இல்லாத அவசரத்துக்கு: ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டி அரை டீஸ்பூன் உப்பு. உப்பு இதற்கு மேல் கூடவே கூடாது. ருசி பார்த்துக் கண்ணீரைவிட உப்பு கரித்தால் கொட்டிவிட்டு வேறு கலக்குங்கள்.

• ஒவ்வொரு முறை பேதி ஆனதும், 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி, கொஞ்சம் கொஞ்சமாக ஸ்பூனால் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுங்கள். ஒருமுறை கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

• தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தாதீர்கள். ஜிங்க் மாத்திரை 14 நாள் கொடுக்க வேண்டும். பேதி நின்றுவிட்டாலும் நிறுத்தக் கூடாது. வயதுக்கு ஏற்ற அளவைச் செவிலியர் சொல்வார்.

• குழந்தை துவண்டு கிடந்தால், குடிக்க முடியாவிட்டால், கண் குழி விழுந்தால், மலத்தில் இரத்தம் வந்தால், எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுத்தால், காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். குழந்தையால் குடிக்க முடிந்தால், போகும் வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள்.

செய்து முடித்ததும் மனைவி கணவரைக் கேட்கட்டும்: “எவ்வளவு தண்ணி? எவ்வளவு நேரம் வச்சிருக்கலாம்? எப்போ ஆஸ்பத்திரி?” பிறகு கணவர் மனைவியைக் கேட்கட்டும். அடுத்த வாரம் ஒருமுறை மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள். கலக்கிய கரைசலை இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் குடித்துப் பாருங்கள். அதன் ருசி நாக்கில் நின்றால், அவசரத்தில் அளவு தவறினாலும் நாக்கே சொல்லிவிடும்.

முடிவாக

கற்பவர் மேல் மரியாதை இல்லாமல் கற்பிக்க முடியாது. வீட்டில் மாமியாரை மதித்துக் கேட்கும் மருமகள், மனைவி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்கும் கணவன், “இது எனக்குத் தெரியாது, காட்டு” என்று மகனிடம் சொல்லும் தகப்பனார் — இவர்கள் இருக்கும் வீட்டில் நல்ல செய்தி தானே நுழைந்துவிடும். இன்றைக்குப் பேதிக்குக் கற்ற இதே முறைதான், நாளைக்குத் தடுப்பூசித் தேதிக்கும், அடுத்த குழந்தைக்கு இடைவெளி விடுவதற்கும், அப்பாவின் சர்க்கரை மாத்திரைக்கும் உதவும்.

அடுத்த முறை நர்ஸம்மா உங்கள் தெருவுக்கு வரும்போது, இருவரும் சேர்ந்து உட்காருங்கள். கேட்டதை ஒருவருக்கொருவர் திருப்பிச் சொல்லுங்கள். பிறகு பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள்.